வெல்டர் இசக்கிமுத்துவின் சாட்சியம்

நாள் 1. 08:30
காற்றழுத்தம் சரி. உள்வெப்பம் 21 டிகிரி. நிலவின் தென்துருவப் பள்ளத்தில், பனிக்கட்டி கலந்த மண்ணின் மேல் நிற்கும் சுரங்க நிலையம் இது. நான் மங்கையர்க்கரசி, இயற்பியலாளர். இங்கே வேலை பார்த்த நான்கு பேர், சுவரில் யாரோ தட்டுவதாகவும் பொருள்கள் தானாக நகர்வதாகவும் புகார் செய்தார்கள். பேய் என்று பேச்சுப் பரவி வேலை நின்றது. நால்வரையும் மேலே, நிலவைச் சுற்றிவரும் சுற்றுக்கலத்துக்கு ஏற்றிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் எதை நம்பலாம் என்று தீர்மானிப்பது என் வேலை. பதினான்கு நாட்கள், தனியாக.

நாள் 2. 10:15
வானொலியில் விசாரணை முடிந்தது. இரண்டாம் முறை கேட்டபோது மூன்று பேர் கதையை மாற்றினார்கள். ஒருவர் வெள்ளை உருவம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். வெல்டர் இசக்கிமுத்து மட்டும் ஒரு சொல்லும் மாற்றவில்லை. கயத்தாறுக்காரர்.
“பேயின்னு நான் சொல்லல டாக்டரம்மா. சுத்தியல் நகந்துச்சு. அதத்தான் சொல்லுதேன்.”
மூன்று மாதம் முன்பு அவர் மனைவி இறந்திருக்கிறார். நாளுக்கு நான்கு மணி நேரத் தூக்கம். ‘துயரத்தில் இருப்பவர். நம்பத்தகாத சாட்சி’ என்று எழுதி அனுப்பினேன். இனி அவரை யாரும் விண்வெளி வேலைக்கு எடுக்க மாட்டார்கள். பிறகு சாப்பிட்டேன்.

நாள் 5. 14:20
தட்டும் ஓசை கேட்டது. மூன்று முறை, மேற்குச் சுவரில். மேசைமேல் இருந்த ஸ்பேனர் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தது. கேமராவில் பதிவாகவில்லை. நான் பார்த்தேன்.

நாள் 6. 11:40
தரையை அளந்தேன். மேற்குப் பக்கம் 1.3 டிகிரி சரிந்திருக்கிறது. நிலையத்தின் சூட்டில் தூண்களுக்குக் கீழே பனி கரைந்து போகிறது. உலோகச் சட்டம் முறுகும்போது ஓசை வருகிறது, அந்த உதறலில் பொருள்கள் நழுவுகின்றன. பேய் இல்லை. சுத்தியல் நகர்ந்தது உண்மை. உடனே கலம் அனுப்பச் சொல்லித் தரைக் கட்டுப்பாட்டுக்குத் தெரிவித்தேன்.

நாள் 7. 09:05
பதில் வந்தது.
“டாக்டர், அங்க கரியமில வாயு கூடியிருக்கு. உங்க தூக்கமும் குறைஞ்சிருக்கு. எங்க சென்சார்ல சாய்வு எதுவும் தெரியல. ரெஸ்ட் எடுங்க. கலம் பதினாலாம் நாள் வரும்.”
கரியமில வாயு கூடியிருப்பது உண்மை. சாய்வும் உண்மை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

நாள் 8. 16:30
சாய்வு 2.6. சுற்றுக்கலத்திலிருந்து இசக்கிமுத்து அழைத்தார். நான் அனுப்பிய தகவலை அங்கே கேட்டிருக்கிறார். எந்தப் பக்கம் சரிகிறது என்று மட்டும் விசாரித்தார். சொன்னேன்.
“மேக்கால நிக்காதீய. அந்தப் பக்கத் தையல் தாங்காது, நான் வச்ச வெல்டுதான், எனக்குத் தெரியும். உடுப்ப மாட்டிக்கிட்டு கிழக்கு வாசல்ல இருங்க. இங்க கேப்டன்ட்ட காலைலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். எம்பேச்ச எடுக்க மாட்டேங்காரு.”
ஏன் எடுக்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு வானொலி இணைப்பு அறுந்தது.
திருத்தம் அனுப்பினேன்: சாட்சி இசக்கிமுத்து முழுமையாக நம்பத்தகுந்தவர்.

நாள் 9. 07:12
மேற்குச் சுவர் வெல்டுத் தையல் நெடுகப் பிளந்தது. காற்று முழுதும் போய்விட்டது. விண்வெளி உடுப்பில் இருக்கிறேன், கிழக்கு வாசலில். சாய்வை இப்போது நம்புகிறார்கள். கலம் புறப்பட்டுவிட்டது. வந்து சேர ஒன்பது மணி நேரம். உடுப்பில் ஆறு மணி நேரக் காற்று. இரண்டு முறை கழித்துப் பார்த்தேன்.

நாள் 9. 12:50
கால்கள் மரத்துவிட்டன. பயம் இல்லை. பயம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.
திருத்தத்துக்குத் தரைக் கட்டுப்பாட்டிலிருந்து பதில் வந்தது. “பெறப்பட்டது. அனுப்பியவரின் மனநிலையைக் கருதி ஏற்க இயலாது. முந்தைய முடிவே நிற்கும்.”
மறுபடி அனுப்பினேன். அதே பதில்.

நாள் 9. 13:0
கண்டெடுப்பவருக்கு. இசக்கிமுத்து, வெல்டர், கயத்தாறு. அவர் பார்த்தது உண்மை. நான் தெளிவாக இருக்கிறேன். தெளிவாகத்தான் இருக்கி