குசினியில் ஒரு விசாரணை

கண்டாவளை
03.06.2024

அன்புள்ள இஞ்சாருங்கோவுக்கு,

தொலைபேசியில் நீங்கள் "ம்" என்பதற்கு மேல் பேசுவதில்லை. ஆகவே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமையோடு மேல் நீதிமன்ற நீதிபதி வேலையிலிருந்து இளைப்பாறுகிறீர்களாம். எனக்கு இதைச் சொன்னவர் சந்தையில் மீன் வெட்டுகிறவர். கட்டிய மனைவிக்குச் செய்தி வந்த வழி அது.

இங்கேதானே வருவீர்கள்? வாருங்கள். ஆனால் பயமாக இருக்கிறது. குவாட்டஸ் வீட்டில் உங்களோடு இருந்த காலத்தில், வழக்குக்காரரின் உறவு என்று ஒரு கலியாண வீட்டுக்கும் விடவில்லை. பக்கத்து வீட்டு வாழைப்பழத்தைக்கூட வாங்கவிடவில்லை. சுவரோடு பேசிக் களைத்துத்தான் அப்பாவின் வயலைப் பார்க்கவென்று சாட்டி இங்கே வந்தேன். இப்போது பின்னேரமானால் குசினி நிறையப் பெண்கள். ஊர் வம்பெல்லாம் என் அடுப்பில்தான் வேகிறது, கிளறுவதும் நான்தான். அவர்களை எழுப்பி அனுப்பிவிடாதீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

இன்னும் வாய் குறையாத,
விமலேஸ்வரி

வவுனியா
10.06.2024

அன்பின் விமலா,

பிரியாவிடை முடிந்தது. நான் ஒருநாளும் சிரித்ததில்லை என்பதையே ஒரு சட்டத்தரணி புகழாகச் சொன்னார். மாலையைக் கழற்றி வைத்த பிறகு யாரோடு தேநீர் குடிப்பதென்று தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது.

சனிக்கிழமை வருகிறேன். உன் குசினிப் பக்கம் வாய் திறக்கமாட்டேன்.

கனகலிங்கம்

கண்டாவளை
24.06.2024

இஞ்சாருங்கோவுக்கு,

குவாட்டஸ் வீட்டை ஒப்படைக்கவென்று நீங்கள் திரும்பிப் போகும்போது நான் படலைவரைகூட வரவில்லை. அது கோபம்தான்.

வடிவம்மா அக்கா அப்படி என்ன சொல்லிவிட்டா? "என்ரை மருமேள் எனக்குப் பழஞ்சோறுதான் போடுறாள், பிள்ளை." வருகிற நாளெல்லாம் சொல்வதுதான். நாங்களும் "ஐயோ பாவம்" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்புவோம். நீங்கள் விறாந்தையில் இருந்து அதைக் கேட்டுவிட்டு, ஆள் விட்டு மருமகள் யதுர்ஷிகாவையே கூப்பிட்டு, "உமது பக்கத்தைச் சொல்லும்" என்றால்?

அவள் சொன்னாள்! எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். "ஏன் மாமி, நேற்றுப் பொரிச்ச மீன் முழுக்க நானோ திண்டனான், நீங்கள்தானே?"

அக்கா அழுதுகொண்டு போனா. அன்று தொடக்கம் ஒருத்தியும் என் குசினிக்கு வரவில்லை. தேத்தண்ணிக் கேத்தில் கொதித்துக் கொதித்து ஆறுகிறது. பழையபடி நானும் சுவரும்.

இனி வராதீர்கள் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுதியும்விட்டேன்.

விமலேஸ்வரி

வவுனியா
28.06.2024

அன்பின் விமலா,

உன் தீர்ப்புச் சரி. ஒருவர் முறையிட்டால் மற்றவரையும் அழைத்துக் கேட்கவேண்டும். இத்தனை வருடத்தில் நான் பழகியது அது ஒன்றைத்தான். தீர்ப்பு வேண்டாமலும் ஒருவர் முறையிடுவார் என்பது எனக்குத் தெரியாது.

இங்கேயே ஒரு சிறு வீடு வாடகைக்குப் பார்த்திருக்கிறேன். வடிவம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

கனகலிங்கம்

கண்டாவளை
04.07.2024

அன்புள்ள இஞ்சாருங்கோவுக்கு,

நேற்று வடிவம்மா அக்கா வந்தா. பின்னாலே யதுர்ஷிகா. மாமியும் மருமகளும் ஒன்றாகிவிட்டார்கள், உங்களைத் திட்டுவதில்.

"உன்ரை மனிசனுக்கு விசரடி. உந்த ஆளோடை எப்பிடிக் காலந்தள்ளினனி?" என்றா அக்கா.

முறைப்படி எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. "ஐயா" போடாமல் இந்த ஊர் உங்களைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

உங்கள் மன்னிப்பை நான் சொல்லவில்லை. "வரட்டும், நேரை நிண்டு நாலு கிழி கிழிச்சால்தான் எனக்கு மனம் ஆறும்" என்கிறா அக்கா. சும்மா சொல்கிற ஆளில்லை.

வாடகை வீடு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. குசினிக்குள் உங்களுக்கு இருக்க ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறேன். அக்கா பேசி முடிக்கும்வரை எழும்பக்கூடாது.

விமலா