பரணில் கிடந்த ஒன்றரை டன்

இன்று காலை உன் மகன் ஒரு லோடு ஆட்டோவில் வந்து, நம் ஏசி கடை வாசலில் ஒரு மூட்டையை இறக்கினான். "அப்பா பரண்ல இருந்துச்சு பெரியப்பா. உங்க கையெழுத்துல எழுதியிருக்கு, அதான் எடுத்தாந்தேன்" என்றான். நீலத் தார்ப்பாயை அவிழ்த்ததும் உப்பும் பூஞ்சையும் கலந்த ஒரு வாடை வந்தது. நம் ஊர் வேங்கிக்காலில் எந்த வீட்டு ஏசியைப் பிரித்தாலும் அந்த வாடை வராது. தகரத்தின் மேல் மார்க்கரால் நான் எழுதியது அப்படியே இருந்தது: 'பின் அறை, ஒன்றரை டன்.'

கொச்சியில் ஒரு பாய்மரப் படகில், கட்டிலுக்கு அடியில் இருக்க வேண்டிய மெஷின் இது. நாலு வருஷத்துக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் முட்டி தேய உட்கார்ந்து பொருத்தியது. உன் வீட்டுப் பரணில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம் என்றால் நீ இல்லை. போய்ச் சேர்ந்து இருபது நாள் ஆகிறது. உயிரோடு இருந்தபோதே உன்னிடம் நான் மரியாதையாக நாலு வார்த்தை பேசியதில்லை. செத்துப் போனதற்காக இப்போது பேசுவேன் என்று எதிர்பார்க்காதே.

படகுக்காரரை உனக்கு மறந்திருக்காது. கார்த்திகை வந்தால் மனைவியோடு வந்து, ஆசிரமத்துக்குப் பின்தெருவில் வாடகை வீடு எடுத்து, மாசி வரைக்கும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். வீட்டு ஏசி ஒழுகுகிறது என்று கூப்பிட்டார். சரி செய்துவிட்டுக் கை கழுவும்போது போனில் படகின் படத்தைக் காட்டி, "இதுக்கும் ஒண்ணு வெக்கணும் சார்" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சுற்றிலும் கடல், மேலே காற்று, அதிலும் இவருக்குக் குளிர் போதவில்லையாம். ஆனால் விஷயம் வேறு. அந்த அம்மாவுக்கு மூச்சிரைப்பு. துறையில் கட்டிக் கிடக்கும் நாளில் காற்றே உள்ளே இறங்காதாம், கீழ் அறை அடுப்பு மாதிரி ஆகிவிடுமாம். இரண்டு முறை பாதியில் இறங்கி ரயிலேறிவிட்டார். "அவ ஏறலைன்னா நான் படகை வித்துடுவேன்" என்றார் அவர். கொச்சியில் கேட்டால் ஆறு மாதம் பொறு என்கிறார்களாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "ஏசின்னா ஏசிதான் சார். வீட்ல ஓடினா இன்னா, தண்ணியில ஓடினா இன்னா?"

புதுச்சேரியில் கணுக்கால் வரைக்கும் நனைத்ததுதான் உனக்கும் கடலுக்கும் இருந்த உறவு. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவன் காலையும் சேர்த்து விடுகிறவன் நீ ஒருவன்தான்.

உன்னை நம்பினால் ஆகாது என்று ஒரு மாதம் நான் உட்கார்ந்து படித்தேன். படகில் சுவருக்கு வெளியே மாட்டும் பெட்டி கிடையாது. மெஷின் முழுக்க உள்ளேயே இருக்கும். அடியில் ஒரு துளை வழியாகக் கடல் தண்ணீரை பம்பு இழுக்கும். அது வடிகட்டி வழியாகப் போய், மெஷினின் சூட்டை வாங்கிக்கொண்டு, மறுபடி கடலிலேயே விழும். இதை உனக்கு மூன்று தடவை விளக்கினேன். காதைக் குடைந்துகொண்டு கேட்டாய். "புரியுதாடா?" என்றதற்கு, "நீ படிச்சிட்ட இல்ல, போதும்" என்றாய். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனுக்கு எத்தனை டாம்பீகம்!

எத்தனை டன் வாங்குவது என்று பார்க்கக் கொச்சிக்குப் போனோம். படகைக் கரையில் ஏற்றி முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். நான் டேப்பை நீட்டி நீளம், அகலம், உயரம் என்று குறித்து, ஒன்றரை டன் என்று கணக்குச் சொன்னேன். நீ என்ன செய்தாய்? பின் அறைக்குள் தவழ்ந்து போய் அந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்தாய். உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக் கிடந்தாய். ரயில் அலுப்பில் தூங்குகிறாய் என்று நினைத்தேன்.

"முக்கால் டன்னே ஜாஸ்திடா" என்று அப்புறம் எழுந்து வந்து சொன்னாய். "நிமிர்ந்து உக்கார முடியல. இந்தப் பொந்துக்கு எதுக்கு ஒன்றரை? தண்ணியில இறக்கிட்டா பாதி சுவரு ஈரத்துலதான் நிக்கப்போவுது. நம்ம ஊரு மாதிரி பாறையா காயுது அங்க?"

"கணக்கு போட்டது நானா, நீயா?" என்றேன். "படுத்துப் பாத்து டன் சொல்றதுக்கு நீ இன்னா ஜோசியக்காரனா?" படகுக்காரர் பக்கத்திலேயே நின்றார். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். சுருங்கட்டும் என்றுதான் சொன்னேன்.

நம் ஊரில் ஒரு டன் என்று கணக்கு வந்தால் ஒன்றரை மாட்டுவோம். பகலெல்லாம் வெயில் குடித்த மலை, பொழுது சாய்ந்த பிறகும் அனலை விட்டுக்கொண்டே இருக்கும். மொட்டை மாடிக்குக் கீழ் அறை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு சைஸ் பெரிதாக மாட்டிக் கெட்டவன் இந்த ஊரில் ஒருவனும் இல்லை. அந்த வழக்கத்தைத்தான் நான் கணக்கு என்று பெயர் வைத்துக் கொச்சிக்குக் கொண்டுபோனேன். ஐ.டி.ஐ. சான்றிதழ் வைத்திருக்கிறவன் சொன்னால் அது கணக்கு.

துளை போடும் வேலையைப் பட்டறைக்காரர்களே முடித்தார்கள். மெஷினை நாம் பொருத்தினோம். படகு தண்ணீரில் இறங்கியது. முதல் ஓட்டத்துக்கு நீ செய்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோயில் வாசலில் வாங்கிய சாமந்தி மாலையை ஈரத்துணியில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தாய். மெஷினுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டினாய். அதுவரைக்கும் சரி. ஸ்விட்சைப் போட்டதும் மாலையைக் கழற்றினாய். பூஜைப் பூவைக் குப்பையில் போடக்கூடாதாம், தண்ணீரில்தான் விட வேண்டுமாம். பிய்த்துப் பிய்த்துப் படகு ஓரமாக விட்டாய், அதுவும் பம்பு தண்ணீர் இழுக்கிற பக்கமாகவே பார்த்து! இரண்டே நிமிஷத்தில் பம்பு இருமியது, மெஷின் நின்றது. வடிகட்டியைத் திறந்தால் உள்ளே பூக்கடை. பக்கத்துப் படகில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நீயே கழுவி மாட்டினாய். கால் மணி நேரம் ஆனது. குளிர் வந்தது, அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அதோடு முடிந்த விஷயம் அது. முடிய விடாதவன் நான். ஊருக்கு வந்து டீக்கடையில் நடித்தே காட்டினேன். 'பூ மெக்கானிக்' என்று பெயர் வைத்தேன். ஒரு வாரத்தில் வேங்கிக்கால் முழுக்க உனக்கு அதுதான் பெயர். கூடச் சேர்ந்து நீயும் சிரித்தாய், வெட்கங்கெட்டவன்.

அடுத்த மாதம் படகுக்காரர் போன் செய்தார். அறை ஐந்து நிமிஷத்தில் சில்லென்று ஆகிறது, உடனே மெஷின் நின்றுவிடுகிறது. ஆனால் மெத்தை ஈரம், தலையணை ஈரம், பலகையில் பூஞ்சை. அம்மாவுக்கு இரைப்பு முன்னைவிட மோசம். அவர் சொல்லச் சொல்லவே எனக்கு விளங்கிவிட்டது. இடத்துக்கு மீறிய மெஷின் காற்றைக் குளிர வைத்துவிட்டுத் தூங்கிவிடும். காற்றில் உள்ள ஈரத்தை எடுக்க அது நெடுநேரம் ஓட வேண்டும். நம் ஊர்க் காய்ந்த வெயிலில் இந்த வியாதியை நான் பார்த்ததே இல்லை. நீயும் பார்த்ததில்லை. ஆனால் நீ படுத்துப் பார்த்தாய்.

"அன்னிக்கு பூ உள்ள போச்சு இல்ல சார், அதோட வேலைதான். பார்ட்னர் பண்ண கூத்து" என்றேன். பிரஷை வைத்துக்கொண்டு நீ எதிரிலேயே நின்றாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், உன் கண் முன்னாலேயே.

நீ சண்டை போட்டிருக்க வேண்டும். போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். "சரி, நானே போய் பாத்துட்டு வரேன்" என்றாய். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து, "பூதான்டா. எடுத்துட்டேன்" என்றாய். அந்த மாதமே பைக்கை விற்றுவிட்டு சைக்கிளுக்கு மாறினாய். டாக்டர் சொன்னார் என்றாய். அதையும் விடாமல் கிண்டல் செய்தேன்.

இன்று மூட்டையைப் பார்த்ததும் கொச்சிக்குப் போன் போட்டு, நீ போன செய்தியைச் சொல்லி, மெஷினைப் பற்றிக் கேட்டேன். "அவர் மாத்திக் குடுத்த சின்ன மிஷின்தானே சார் இன்னைக்கும் ஓடுது. அவ இதோ உள்ள தூங்கறா" என்றார் படகுக்காரர். "உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டார். அவன் படிச்சவன் சார், தாங்க மாட்டான்னார்."

தாங்க மாட்டேனா? யார் கேட்டார்கள் உன் தயவை? நாலு வருஷம் என் தப்பைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டு, தினமும் என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாய். நான் பூ மெக்கானிக் என்று கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்த்திருக்கிறாய். உன் பெருந்தன்மையைக் காறித் துப்பலாம் போல் வருகிறது. என் மேல் துப்பிக்கொள்ள எனக்கே எட்டவில்லை, அதுதான் காரணம்.

தெருமுனையில் உன் கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் தொங்குகிறது. உன் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'பூ மெக்கானிக்'. உன் மகன் பெருமையாக நினைத்துத்தான் போட்டிருக்கிறான்.

சாயங்காலம் அதற்கு எதிரில் உள்ள டீக்கடைக்குப் போனேன். முன்பு நடித்துக் காட்டிய அதே பெஞ்சு, அதே ஆட்கள். "பூவால ஒண்ணும் ஆவல. கால் மணி நேர வேலை அது. மிஷினைத் தப்பா எடுத்தது நான். அவன் வேணாம்னுதான் சொன்னான்" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. டீக்கடைக்காரர் என் தோளைத் தட்டினார்.

"போனவனுக்காகப் பழியைத் தன் மேல போட்டுக்கறீங்க பாருங்க" என்றார். "உங்க மனசு யாருக்குண்ணே வரும்?"

இல்லை, இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். சொல்லச் சொல்ல என்னை இன்னும் பெரிய மனுஷனாக்கினார்கள். டீக்குக் காசுகூட வாங்கவில்லை.