பகலில் அடித்த மணி

வியாழன், இரவு

நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் வீட்டு மணியைப் பகலில் யாரும் அடிப்பதில்லை. எங்கள் பிளாக்கில் அது மரியாதை. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் அந்த நேரத்தில்தான் மனைவி மாலதியை அடிக்கிறார். அவர் தூங்கவில்லை என்று தெரிந்தும் மூன்று மாதமாக நானும் மரியாதையாகவே இருந்தேன். இன்றும் சுவர் வழியே அவள் அலறல் கேட்டது. கிண்ணத்தோடு போய் மணியை அடித்தேன். சத்தம் நின்றது. அவரே கதவைத் திறந்தார். வியர்த்திருந்தார்.

"தூங்கினு இருக்கேன், தெரியலயாங்க?"

"மாலதிகிட்ட கொஞ்சம் உறைமோர் வாங்கணும்" என்று அங்கேயே நின்றேன்.

மாலதி கொண்டுவந்தாள். கன்னத்தில் விரல் தடம். கிண்ணத்தைத் தரும்போது மெதுவாகச் சொன்னாள்:

"இந்த வாரம் பூரா அவருக்கு நைட்டுதான்க்கா."

கிண்ணத்தைக் கழுவி வாசலருகிலேயே கவிழ்த்து வைத்திருக்கிறேன்.