டைலர் பிடித்து வைத்த இடம்

காமுவுக்கு,

நீ சென்னைக்குக் கிளம்பும்போது சுத்தம் செய்யச் சொன்ன பேஸ்மென்ட் இப்போது பளபளக்கிறது. என்னை மட்டும் பாராட்டிவிடாதே.

செவ்வாயன்று, இந்த அமெரிக்காவில் வீடு வீடாக மதம் பரப்ப வருவார்களே, அந்த மார்மன் மிஷனரிப் பையன்கள் இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை, டை, பத்தொன்பது வயது. "ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றான் டைலர் என்பவன். "ஓசின்னா உங்க மனசாட்சி லீவு போட்டுடும்" என்பாயே, போட்டுவிட்டது. அவர்கள் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் கேட்பேன், ஒரு பீரோவை நகர்த்தச் சொல்வேன். காபி குடிக்காத மதமாம், அந்த வேலையும் மிச்சம். சனிக்கிழமை கடைசிப் பெட்டியையும் தூக்கி வைத்ததும், "நாளைக்கு சர்ச்சுக்குக் கட்டாயம் வரேன்" என்று அளந்துவிட்டேன். ஞாயிறு பூராவும் சோபாவில் கிடந்தேன்.

இன்று மாலை இருவரும் சூப்போடு வந்து நின்றார்கள்.

"நேத்து சர்ச்சுல என் பக்கத்துல உங்களுக்கு இடம் பிடிச்சு வச்சிருந்தேன் சார்," என்றான் டைலர். "இந்த ஆறு மாசத்துல வரேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். அம்மாகிட்டகூட போன்ல சொல்லிட்டேன். உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், காமு. இருமிக் காட்டினேன்.

அவன் நம் சமையலறைக்குள் போய், எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

உன்னிடம் மட்டும் சொல்லத் துணிந்த,
உன் வெட்கங்கெட்ட வீட்டுக்காரன்