லிஸ்பனில் நான் சொல்லாத சமாதானம்

மாதா துணை

சங்கரன்கோவில்,
ஆவணி 8

அன்பு மகள் ரோஸ்லினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் வீட்டாரும் மாதா புண்ணியத்தில் சுகம், டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஏஞ்சலும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க தினமும் ஜெபமாலை சொல்லுகிறேன். விமானத்தில் வராமல் போன என் பெட்டி நேற்றுத்தான் வந்து இறங்கியது, கம்பளி நன்றாக இருக்கிறது, பிஸ்கட் எல்லாம் தூளாகிவிட்டது. ஓணத்துக்காகப் பூ முழுவதும் கேரளாவுக்கு லாரி ஏறிவிட்டது, மாதா படத்துக்குப் போட ஒரு முழம் பிச்சி கிடைக்கவில்லை. போனில் பேசினால் நான் சத்தம் போட்டு விஷயத்தை மாற்றிவிடுவேன், அதனால்தான் மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக் கோகிலா இதைப் படம் எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அனுப்புமுன் அவளும் வாசிப்பாள், வாசிக்கட்டும்.

ஏஞ்சல் என்னிடம் பேசுவதில்லை. போனில் முகத்தை மட்டும் காட்டிவிட்டு, படிக்கணும் ஆச்சி என்று போய்விடுகிறாள். அவள் செய்வது நியாயம்தான். லிஸ்பன் பூசையில் கழுத்து சுளுக்கித்தான் அந்தப் பக்கம் திரும்பினேன் என்று நான் உன்னிடம் சொன்னது பொய். அன்று காலையில் மஞ்சள் டிராமில் ஏறி மேட்டுத் தெருவெல்லாம் சுற்றினோமே, வண்டி குலுங்கியபோது உன் சத்திரத்து மாமியார் சவரியம்மாள் என் முழங்கையைப் பிடிக்க வந்தாள், நான் அப்போதே விலகிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஆற்றங்கரைத் திடலில், உலகத்துப் பிள்ளைகளெல்லாம் கொடியோடு கூடியிருந்த இளையோர் பூசை. ஏஞ்சல் தொண்டர் சட்டை போட்டு எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள், கூட்டாளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, இவங்கதான் என் ரெண்டு ஆச்சியும் என்று காட்டினாள். பூசைக்கு நடுவே பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சமாதானம் சொல்லுகிற நேரம் வந்தது. நம் கோயிலில் கைகூப்பித் தலை குனிவதோடு சரி, அங்கே கட்டியே பிடிக்கிறார்கள். முன்னால் நின்ற பிரேசில் பையனுக்கும் பின்னால் நின்ற வெள்ளைக்காரச் சாமியாருக்கும் பேர் தெரியாத தேசத்துப் பிள்ளைகளுக்கும் சிரித்துச் சிரித்துக் கும்பிட்டேன். வலது பக்கம் சவரியம்மாள் கைகூப்பி, மதினி என்றாள். நான் முதுகைக் காட்டித் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து, சேலை கட்டிய இரண்டு கிழவிகளைக் கேமரா பிடித்து வீட்டு உயரத் திரையில் போட்டுவிட்டது. அவள் கூப்பிய கை, பக்கத்தில் என் முதுகு. லட்சம் பேர் பார்த்தார்கள், ஏஞ்சலும் பார்த்தாள். முன்னப்பின்ன தெரியாத ஊர்க்காரன் பூராவும் ஒங்களுக்கு வேணும், சத்திரத்து ஆச்சி மட்டும் வேண்டாமா என்று என்னைக் கேட்டாள். அதற்குச் சவரியம்மாள், விடுட்டி, இந்தக் கூட்டத்துல மதினி என்னைய எங்கன பாத்தாங்க என்று சொன்னாள்.

மாமியாரோடு உங்களுக்கு என்ன தாவா என்று நீ பத்துத் தடவை கேட்டிருக்கிறாய், நான் வாய் திறந்ததில்லை. எனக்கு எதுவும் மறக்காது, உன் கல்யாணப் பந்தியில் என் இலைக்கு அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனவன் பேரை இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். பதினெட்டு வருசத்துக்கு முந்தி ஏஞ்சலின் ஞானஸ்நானத்தன்று சாமியார் ரிஜிஸ்டரை நீட்டி, பாட்டிமாரில் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடுங்க என்றார். சவரியம்மாள் அரக்குக் கரை வைத்த பச்சைச் சுங்கடி கட்டியிருந்தாள். கைநாட்டுக்கு எதுக்குச் சாமி ரிஜிஸ்டரு என்று சிரித்துக்கொண்டே அதை என் பக்கம் தள்ளினாள். என் படிப்பைக் கேலி செய்கிறாள் என்று உடம்பெல்லாம் எரிந்தது. அன்றிலிருந்து அவள் வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அவள் இடுப்பொடிந்து கிடந்தபோதும் ஆரஞ்சை வாங்கிக் கொடுத்தனுப்பினேன், போய்ப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பும்போது திருவனந்தபுரத்தில் இறங்கினால் எங்கள் இரண்டு பேர் பெட்டியும் வரவில்லை. கவுண்டரில் இருந்த பிள்ளை எல்லாம் எழுதிவிட்டுக் கையெழுத்து மட்டும் கேட்டது. நான் போட்டேன். சவரியம்மாள் மை டப்பா இருக்கா என்று கட்டைவிரலை நீட்டினாள். என்னைப் பார்த்து, நான் கைநாட்டுல்லா மதினி, நம்ம பிள்ளை ஞானஸ்நானத்துலயும் கைநாட்டுக்கு எதுக்கு ரிஜிஸ்டருன்னு ஒங்ககிட்டத் தள்ளிவிட்டேம்லா, நீங்க எம்புட்டு அழகா பேரு போட்டீங்க என்று சிரித்தாள். அதே சிரிப்பு. பதினெட்டு வருசம் ஒரு சொல் பிசகாமல் மனதில் வைத்திருந்தேன், யாரைச் சொன்னாள் என்பதைத்தான் கேட்காமல் விட்டேன். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் வெளியே நடந்துவிட்டேன். யாராவது கேட்டால், மதினிக்குக் கூச்ச சுபாவம் என்று அவள் இன்னமும் எனக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

என் கோபம் அவளுக்குத் தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இரண்டு நாள் நினைத்துப் பார்த்தேன். அப்படி விட்டால் கடைசிவரை நான் அவள் வாயில் நல்லவளாகவே இருப்பேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் பனவடலிசத்திரம் போகிறேன். அன்றைக்கு உங்களைப் பார்த்துவிட்டுத்தான் மதினி முதுகைக் காட்டினேன் என்று சொல்லப் போகிறேன். ஏஞ்சலுக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டு, அம்மாவாயிற்றே என்று ஒரு வரியையும் விட்டுவிடாதே. இரவு டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, மாப்பிள்ளையைப் பிரஷர் மாத்திரை விடாமல் போடச் சொல். உங்கள் மூன்று பேரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நான் போகுமுன் நீ முந்திக்கொண்டு உன் மாமியாருக்குப் போன் போட்டு, அம்மா வருகிறாள், ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று பக்குவம் பண்ணிவிடாதே. அவள் என்ன சொல்லுவாளோ, அதை நான் நின்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வியாகுலம்மாள்