தொண்ணூற்றாறு விநாடி

அன்புள்ள அம்மாவுக்கு,

கவின் எழுதுகிறேன். நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி? பக்கவாதம் வந்ததிலிருந்து வாய் திறந்து பேசாத அப்பா, கஞ்சியாவது ஒழுங்காகக் குடிக்கிறாரா?

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நான் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோ பக்கத்து ஏரியில் மூச்சடக்கி முங்கப் பழகினேன். பயப்படாதே. கூட வந்த தீபக் மேலேயே இருந்து பார்த்துக்கொண்டான். மிதவையில் கட்டிய கயிற்றை ஒட்டித்தான் இறங்க வேண்டும். "ஹூட் போடாம இறங்காத ப்ரோ, காதுல சில்லுத் தண்ணி போனா தல சுத்தும்" என்றான். நம் தோட்டத்துக் கிணற்றில் குதித்தவனுக்கு எதற்குத் தலைக்கு ரப்பர்க் குல்லா என்று கழற்றிவிட்டேன்.

கீழே போனதும் காதில் குளிர் ஏறியது. எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. கயிறும் கைக்கு அகப்படவில்லை. அப்போது அப்பா எண்ணும் சத்தம் கேட்டது. நான் கிணற்றில் முங்கும்போது மேட்டில் நின்று எண்ணுவாரே, அதே குரல். அது வந்த பக்கமே நீந்தினேன். என் தலை வெளியே வந்ததும் குரல் நின்றுவிட்டது. தீபக்கின் வாட்ச்சில் தொண்ணூற்றாறு விநாடி.

நேற்று போனில் நீ, "சனிக்கிழம ராத்திரி ஏழரைக்கு உங்கப்பா திடீர்னு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுனாரு கண்ணு! தொண்ணூத்தாறுல நிறுத்திட்டாரு" என்று அழுதுகொண்டே சிரித்தாய். இங்கே அப்போது காலை பத்து. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த மாதம் தீபக்கின் அம்மா வருகிறார். பருப்புப் பொடி கொடுத்துவிடு. ஒருத்தனுக்குத்தானே, கொஞ்சம் போதும். சொந்தமாக ஒரு ஹூட் வாங்கிவிட்டேன்.

இருந்தாலும், சனிக்கிழமைகளில் மட்டும் அப்பாவைச் சீக்கிரம் தூங்க வைத்துவிடாதே.

கவின்