மூன்றாம் பகுதி முடிந்ததும் கைதட்டல்

பிரிக்பீல்ட்ஸ்
9 மார்ச் 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள் என்று போகும்போது சொன்னீர். அதனால் எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறேன். லிப்ட் மறுபடியும் பழுது. கீழ்வீட்டு மிஸஸ் லிம் படியில் பார்க்கும்போதெல்லாம் உம்மை விசாரிக்கிறார். கிள்ளானில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார், வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூலையில் நம் பிள்ளை தனேஷின் இரண்டாம் வருடத் திவசம். காலையில் ஐயர் வந்து செய்வதைச் செய்யட்டும். மாலையில் அவனுடைய இசைக்குழுப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து, அவன் கடைசியாக மேடையில் வாசித்த சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியை முழுதாகப் போட்டுக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். எந்தக் குழுவின் பதிவைப் போடுவது என்பதுதான் இப்போது என் தலைவலி.

முதல் பகுதியில் இசை மெலிந்து மெலிந்து மூச்சே நின்றதுபோல் ஆன பிறகு திடீரென்று ஓர் இடி விழுமே, அந்த இடம் ரஷ்யக் குழுவிடம் வீட்டையே தூக்கிப் போடுகிறது. ஆனால் பழைய பதிவு, கரகரக்கிறது. ஜெர்மன்காரர்கள் அந்த இடத்தில்கூட கோட்டுப் பொத்தானைக் கழற்றாமல் வாசிக்கிறார்கள். அமெரிக்கப் பதிவு ஒன்றில் கடைசிப் பகுதி அவ்வளவு நிதானம், கேட்டு முடிப்பதற்குள் எனக்கு எழுந்து போய்விடலாம்போல் ஆகிவிட்டது.

உமக்கு இதில் ருசி இல்லை என்று தெரியும். ஆனாலும் வேறு யாரிடம் சொல்வது?

அன்புடன்,
கேதீஸ்வரன்


பண்டமாரான்
23 மார்ச் 2025

அன்புள்ள தனேஷ் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியோடு ஒன்பது மாடி ஏறுகிறீர்களா? மிஸஸ் லிம்மிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். வருவார் என்று மட்டும் சொல்லாதீர்கள், பாவம், எதிர்பார்ப்பார்.

எனக்கு இங்கே குறை இல்லை. துறைமுகத்துக்குப் போகிற லோரிகளால் சீதாவின் வீட்டு ஜன்னல் நாள் முழுக்க அதிர்கிறது. கிடங்கு ஆபீஸில் வேலை இருக்கிறது. கொள்கலன் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடுகிறது.

எனக்கு ருசி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான் சொல்கிறீர்கள். நீங்கள் எழுதிய ரஷ்யக் குழுவையும் ஜெர்மன் குழுவையும் போனில் தேடிப் போட்டுக் கேட்டேன். எனக்குப் பிடித்தது இரண்டாம் பகுதி. அதை வீட்டில் பழகும்போது தனேஷ் சமையலறைக்கு வந்து, நான் வெங்காயம் உரிக்கிற மேசையில் தட்டிக் காட்டுவான். ரெண்டு, அப்புறம் மூணு. "அம்மா, இது நம்ம கண்ட நடை மாதிரி லா. ஆடலாம்னு தோணும், ஆனா கால் இடிக்கும்" என்பான். அந்த ஜெர்மன்காரர்கள் வாசிப்பதில் கால் எங்கேயும் இடிக்கவில்லை. இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது. ரஷ்யர்கள் பரவாயில்லை.

ஆனால் இவர்கள் யாரும் எனக்கு வேண்டாம். சுபாங் கல்லூரி மண்டபத்தில் பிள்ளைகள் வாசித்ததை நீங்கள் மடியில் சின்ன மெஷினை வைத்துப் பதிவு செய்தீர்களே, அது இருக்கிறதா? இருந்தால் எனக்கு ஒரு பிரதி வேண்டும். அன்றைக்கு வேறு யாரும் வீடியோகூட எடுக்கவில்லை.

புனிதா


பிரிக்பீல்ட்ஸ்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

கால் இடிக்கவில்லை என்று நீர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர். ஜெர்மன் பதிவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

இப்போது ஒரு லண்டன் குழு முன்னால் நிற்கிறது. காரணம் சொல்கிறேன். கடைசிப் பகுதி தொடங்கும்போது வருகிற அந்த மெட்டை உண்மையில் யாருமே வாசிப்பதில்லை. முதல் வயலின்கள் ஒரு சுரம், இரண்டாம் வயலின்கள் அடுத்த சுரம், இப்படி மாறி மாறி வாசிக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து காதில் விழும்போதுதான் மெட்டாகிறது. எல்லா வயலின்களையும் ஒரே பக்கம் உட்கார வைத்துவிட்டால் இது தெரியாது. லண்டன்காரர்கள் இடமும் வலமுமாகப் பிரித்து உட்கார வைத்திருக்கிறார்கள். நடுவில் நாற்காலியைப் போட்டுக் கேட்டால் மெட்டு ஒரு ஸ்பீக்கரிலிருந்து மற்றதற்குத் தாவுகிறது. தனேஷ் இரண்டாம் வயலின். வலது ஸ்பீக்கர் பக்கம் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக் கேட்டேன். அவனுடைய பங்கு மட்டும் தனியே கேட்டால் ஒன்றும் விளங்காது.

மண்டபத்துப் பதிவு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனால் தரமில்லை. இருமல், ஏர்கான் இரைச்சல், யாருடைய போனோ அடிக்கிறது. போதாததற்கு மூன்றாம் பகுதி முடிந்ததும் நடந்தது உமக்கே தெரியும். அதைப் போட்டு வந்தவர்கள் முன்னால் பிள்ளையைக் குறைவாகக் காட்டக்கூடாது. கொஞ்சம் பொறும். என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
கேதீஸ்வரன்


பண்டமாரான்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள தனேஷ் அப்பாவுக்கு,

அப்படியா விஷயம்? அந்த இடத்தை அவன் அறையில் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது, பிள்ளை தப்பாக வாசிக்கிறான், வாத்தியாரிடம் திட்டு வாங்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பேன். எனக்கு இப்போதும் மனதில் ஓடுவது அந்தப் பாதிதான். முழு மெட்டைக் கேட்டால் வேறு யாருடையதோ போல் இருக்கிறது.

மூன்றாம் பகுதியைப் பற்றி எழுதிவிட்டீர்கள், நானும் எழுதிவிடுகிறேன். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அணிவகுப்பு மாதிரி அவ்வளவு பெரிய சத்தத்தோடு முடிந்தால் யார்தான் எழமாட்டார்கள்? எழுந்து நின்று கைதட்டி, "தனேஷ்" என்று கூப்பிட்டேன். நீங்கள் என் சேலையைப் பிடித்து இழுத்து, "இரும். இன்னும் முடியேல்லை. மானத்தை வாங்காதேயும்" என்றீர்கள். எனக்குப் பின்னால் பாதி மண்டபம் தட்டியது. ஆனாலும் கார் நிறுத்தின இடம் வரைக்கும் நீங்கள் என்னோடு பேசவில்லை. அடுத்த ஜூலையில் டெங்கி வந்து அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் மேடை ஏறி நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஒன்று கேட்க வேண்டும். நான் கூப்பிட்டது அந்தப் பதிவில் தெளிவாக விழுந்திருக்கிறதா? கேட்கிறவர்களுக்கு என் குரல் என்று தெரியுமா?

புனிதா


பிரிக்பீல்ட்ஸ்
18 மே 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். காரணம் இந்தப் பார்சலில் இருக்கிறது.

உம்முடைய கேள்வியை வாசித்ததும் எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது. இத்தனை நாளாக அதை நினைத்துக் கூசிக்கொண்டிருந்தீர் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒலிப்பதிவைத் திருத்துகிற மென்பொருள் ஒன்றை வாங்கி, படித்து, ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து வேலை செய்தேன். இருமல்கள் போய்விட்டன. ஏர்கான் இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. மூன்றாம் பகுதிக்குப் பிறகு வந்த கைதட்டலும் சத்தமும் அடியோடு போய்விட்டன. அங்கே மண்டபத்தின் வெறும் அமைதியை வைத்து, அப்படியே கடைசிப் பகுதிக்குப் போகும்படி செய்திருக்கிறேன். இனி யாரும் உம்மை ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

பென்டிரைவ் வைத்திருக்கிறேன். சீதாவின் டிவியிலேயே செருகிக் கேட்கலாம். பிள்ளைகள் எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. லண்டன் பதிவு வேண்டாம். திவசத்துக்கு இதையே போடுவோம்.

உம்முடைய அறைக்கு வெள்ளையடித்திருக்கிறேன். சுவர் கொஞ்சம் ஊறியிருந்தது.

அன்புடன்,
கேதீஸ்


பண்டமாரான்
26 மே 2025

தனேஷ் அப்பாவுக்கு,

பார்சல் வந்த அன்றே கேட்டேன். அணிவகுப்பு முடிந்தது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்சம் அமைதி, உடனே கடைசிப் பகுதியின் அந்த அழுகை தொடங்கிவிட்டது. டிவியில்தான் ஏதோ கோளாறு என்று திரும்பப் போட்டேன். சீதாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "ஒண்ணும் இல்லையேக்கா" என்றாள்.

நான் கூசிக் கேட்கவில்லை. ஆசைப்பட்டுக் கேட்டேன். அதை நேராக எழுத எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது நான் அவன் பெயரைச் சொன்னால் படத்துக்கு முன்னால் சொல்கிறேன். அன்றைக்குச் சொன்னபோது அவன் எதிரே இருந்தான், காதில் விழுந்தது, தலையைத் தூக்கிப் பார்த்தான். நான் கூப்பிட்டு அவன் பார்த்த அந்த ஒரு தடவை அந்தப் பதிவில் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் என்னை உட்காரச் சொன்னதும் அதில் இருக்குமென்றால் இருக்கட்டும். இருமலும் இருக்கட்டும்.

பழையதை அப்படியே அனுப்புங்கள். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

புனிதா


பிரிக்பீல்ட்ஸ்
8 ஜூன் 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

பழைய பதிவு இப்போது இல்லை. திருத்திய பிரதி சரியாக வந்ததும் அதை அழித்துவிட்டேன். இரண்டும் இருந்தால் நாளைக்கு எது எது என்ற குழப்பம் வரும், திவசத்தன்று யாராவது தவறானதைப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். மெஷினிலும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடையில் கொடுத்துப் பார்த்தேன். "வராது அங்கிள்" என்று சொல்லிவிட்டார்கள்.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது உமக்குத் தெரியும். உமக்காகத்தான் செய்தேன். இசையில் ஒரு சுரம்கூட நான் தொடவில்லை. தனேஷ் வாசித்தது முழுவதும் அதில் இருக்கிறது. அமைதியாக உட்கார்ந்து இன்னொரு தரம் கேட்டுப் பாரும்.

திவசத்துக்கு முதல் நாளே வந்துவிடும். பிள்ளைகளுக்கு என்ன சமைப்பது என்று எனக்குத் தெரியாது. லிப்ட் வேலை செய்கிறது.

அன்புடன்,
கேதீஸ்


பண்டமாரான்
29 ஜூன் 2025

தனேஷ் அப்பாவுக்கு,

போன வாரம் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து லோஜினி வந்திருந்தாள். அவனோடு ஒரே ஸ்டாண்டில் தாளைப் பார்த்து வாசித்த பெண், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவளிடம் யாராவது ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தேன். தான் வாசித்ததைப் பிறகு கேட்டுத் திருத்திக்கொள்வதற்காக அன்றைக்குப் போனை நாற்காலிக்குக் கீழே வைத்துப் பதிவு செய்தாளாம். "நல்லாவே இருக்காது ஆன்டி, எங்க வயலின் மட்டும்தான் கேக்கும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. நீங்கள் கேட்டால் அரை நிமிடம்கூடப் பொறுக்கமாட்டீர்கள். காலைத் தேய்க்கிற சத்தம், நாற்காலி முனகுகிற சத்தம். மற்ற வாத்தியங்கள் எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல. அணிவகுப்பு முடிகிறது. தூரத்தில் தகரக் கூரையில் மழை விழுந்த மாதிரி கைதட்டல். அதற்குள் என் குரல் சின்னதாக. பிறகு போனுக்குப் பக்கத்தில் தனேஷ் பேசுகிறான்.

"எங்கம்மா லா அது."

லோஜினி சிரிக்கிறாள்.

"பாரு, இப்ப அப்பா ஏசுவாரு."

அவ்வளவுதான். தாளைத் திருப்புகிறார்கள், கடைசிப் பகுதி தொடங்குகிறது. அந்தப் பாதி மெட்டு.

அவனுக்கு நம் இரண்டு பேரையும் தெரிந்திருந்தது. மேடையில் உட்கார்ந்துகொண்டே தெரிந்திருந்தது. அதைக் கேட்ட பிறகு உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபம் இருந்தவரைக்கும் திரும்பி வரலாம் என்ற நினைப்பும் எங்கேயோ இருந்திருக்கிறது. இப்போது இல்லை.

இதை உங்களுக்கு அனுப்பமாட்டேன். திவசத்துக்கும் வரவில்லை. இங்கே கோயிலில் அவன் பெயருக்கு மோட்ச அர்ச்சனை செய்து, சீதாவும் நானும் பத்துப் பேருக்குச் சாப்பாடு போடுகிறோம். அங்கே பிள்ளைகளுக்கு வெளியே சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

புனிதா


பிரிக்பீல்ட்ஸ்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

சாவி வந்து சேர்ந்தது.

திவசம் முடிந்தது. மாலையில் நாலைந்து பிள்ளைகள்தான் வந்தார்கள். லோஜினி வரவில்லை. பதிவைப் போட்டேன். மூன்றாம் பகுதி முடிந்து அமைதி வந்ததும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லோ வாசிக்கிற குரு என்ற பையன், "அங்கிள், இந்த இடத்துல கிளாப் வந்துச்சே, ஆன்டிகூட கூப்பிட்டாங்களே, எங்க?" என்று கேட்டான். மேடையில் எல்லாருக்கும் அது சந்தோஷமாக இருந்ததாம். கடைசிப் பகுதியை நான் போடவில்லை. சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நீர் அனுப்பமாட்டேன் என்றதை நான் மறுத்துக் கேட்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டும். "அப்பா ஏசுவாரு" என்று சொன்னபோது அவன் சிரித்தானா? லோஜினி சிரித்தாள் என்று எழுதியிருக்கிறீர். அவனைப் பற்றி எழுதவில்லை. ஒரு வரி எழுதினால் போதும்.

கேதீஸ்


பிரிக்பீல்ட்ஸ்
2 நவம்பர் 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

மழை தொடங்கிவிட்டது. கிள்ளானில் வெள்ளம் என்று செய்தியில் சொன்னார்கள். பண்டமாரான் பெயரைச் சொல்லவில்லை, நீங்கள் இருவரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு கடிதம் போட்டேன். திரும்பி வரவில்லை, அதனால் கிடைத்திருக்கும். இப்போது நான் பதிவு எதையும் கேட்பதில்லை. ஸ்பீக்கர்களைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். மிஸஸ் லிம் உம்மைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அவன் சிரித்தானா என்று கேட்டிருந்தேன்.

கேதீஸ்